'வென்' வந்தால் விழிக்க வேண்டாம்!

கணவரின் மாற்றலால் வடக்கே ஏதோ ஓர் ஊரில் குடித்தனம். நடு ராத்திரியில் குழந்தைக்கு ஜுரம். டாக்டருக்குத் தமிழ் தெரியாது; நமக்கு இந்தி வராது. பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ்தான் கைகொடுக்க வேண்டும். வார்த்தைகள் எப்படியோ வந்துவிடும். எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்று சொல்லும்போதுதான் நம்மில் பலருக்குத் தடுமாற்றம்!

"வென் தி ஃபீவர் ரோஸ், ஐ கேவ் தி சிரப்" என்றால், ஜுரம் ஏறியதும் மருந்து கொடுத்தேன் என்று அர்த்தம். "வென் தி ஃபீவர் ரோஸ், ஐ ஹேட் ஆல்ரெடி கிவன் தி சிரப்" என்றால், மருந்து முன்பே கொடுத்தாயிற்று, அப்படியும் ஜுரம் ஏறியது என்று அர்த்தம். பாரசிட்டமால் மருந்துக்கு ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டுமே! ஆகவே இந்த 'ஹேட்' சின்ன விஷயமில்லை, சகோதரிகளே.

தமிழில் நமக்கு இந்தக் கஷ்டம் இல்லை. 'வந்ததும்', 'வந்துகொண்டிருந்தபோது', 'வருவதற்குள்' என்று வினையின் வாலிலேயே நேரத்தை முடிந்துவிடுகிறோம். இங்கிலீஷிலோ பெரும்பாலும் 'வென்' என்ற ஒரே சொல்தான். வித்தியாசத்தைக் காட்ட வேண்டியது வினைச்சொல்லின் வேலை. அதனால் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். வழி தானே தெரியும்.

1. 'பொங்கியதும் அணைத்தேன்': ஒன்று முடிந்த கையோடு இன்னொன்று. இரண்டுக்கும் சாதாரண இறந்த காலம் போதும். "வென் தி மில்க் பாயில்ட், ஐ டர்ன்ட் ஆஃப் தி ஸ்டவ்."

2. 'அரைத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது': அரைப்பது நீண்ட வேலை, மணி அடிப்பது நடுவில் வந்து போவது. நீண்டதற்கு 'வாஸ்', 'இங்' இரண்டும் சேரும். "ஐ வாஸ் கிரைண்டிங் வென் தி பெல் ராங்." நீண்ட வேலையை முதலில் சொல்வதானால் 'வைல்' போட்டு, "வைல் ஐ வாஸ் கிரைண்டிங், தி பெல் ராங்" என்னலாம்.

3. 'போய்ச் சேர்வதற்குள் ரயில் போய்விட்டிருந்தது': முந்தி நடந்ததற்கு 'ஹேட்'. "வென் வி ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்." 'ஹேட்' இல்லாமல் வெறும் 'லெஃப்ட்' என்றால், நாம் போய்ச் சேர்ந்ததும் ரயில் கிளம்பியதாகிவிடும்! 'வென்' என்பதற்குப் பதிலாக 'பை தி டைம்' என்றால் 'அதற்குள்' என்பது இன்னும் தெளிவாகும்.

'ஆஃப்டர்', 'பிஃபோர்' வந்தால் கவலையே வேண்டாம். முன்பின் என்பதை அந்தச் சொற்களே சொல்லிவிடும். "ஆஃப்டர் ஹி ஏட், ஹி ஸ்லெப்ட்" என்றாலே போதும், 'ஹேட்' கட்டாயமில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். "யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு தி டெம்பிள்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பக்கத்தில் இன்னொரு சம்பவம் இல்லாதபோது 'ஹேட்' எதற்கு? "ஐ வென்ட்" போதும். அதேபோல், "ஹி வாஸ் ஹேவிங் ஃபீவர்" வேண்டாம். "ஹி ஹேட் ஃபீவர்" என்பதே சரி. ஜுரம் இருப்பது ஒரு நிலை, செய்கிற வேலையில்லை. 'வாஸ் ஹேவிங் லஞ்ச்' என்பது மட்டும் சரி, சாப்பிடுவது வேலையாயிற்றே!

அவசரத்தில் எல்லாம் மறந்துவிட்டதா? கடிகாரத்தைத் துணைக்குக் கூப்பிடுங்கள். "அட் டென் ஐ கேவ் தி சிரப். அட் லெவன் தி ஃபீவர் ரோஸ்." இதைவிடத் தெளிவு வேறென்ன வேண்டும்?

பழக்கத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. மாலையில் பிள்ளைகள் டிபன் சாப்பிடும்போது, அன்று பள்ளியில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சேர்த்து ஒரே வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் தமிழில், பிறகு இங்கிலீஷில். பதினைந்தே நாளில் அவர்கள் நாக்கும் பழகும், உங்கள் நாக்கும் பழகும்!