610 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு கிசுகிசு

சத்தமில்லாத ஓர் அறை. சுவரைப் பார்த்தபடி பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் நிற்கிறான். ஒரு காதை அடைத்திருக்கிறார்கள். அவனுக்குப் பின்னால் 610 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது 20 அடியில், ராணுவ மருத்துவர் நிற்கிறார். அவர் முதலில் மூச்சை வெளியே விடுகிறார். பிறகு நெஞ்சில் மிச்சமிருக்கும் காற்றைக்கொண்டு ஒரு சொல்லைக் கிசுகிசுக்கிறார். பையன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்து, மறு காது.

புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கிறது தேசியப் பாதுகாப்பு அகாடமி. என்.டி.ஏ. என்றால் எல்லோருக்கும் தெரியும். அதில் சேர விரும்புகிறவர்களுக்கு நடக்கும் உடற்பரிசோதனையில் ஒரு சிறு பகுதிதான் இந்தக் கிசுகிசு. பார்க்க விளையாட்டுபோல இருக்கும். ஆனால் அந்தச் சில விநாடிக்குள் எவ்வளவு யோசனை ஒளிந்திருக்கிறது!

மருத்துவர் ஏன் முதலில் மூச்சை விடுகிறார்? ஒருவர் உரக்கக் கிசுகிசுப்பார், இன்னொருவர் மெல்ல. நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். சாதாரணமாக மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் காற்று தங்கியிருக்கும். அதை வைத்துக்கொண்டு யாராலும் கத்திக் கிசுகிசுக்க முடியாது. எந்த ஊர் மருத்துவரானாலும் ஓசை ஏறத்தாழ ஒரே அளவில் நின்றுவிடுகிறது. ஒரு கருவிகூட இல்லாமல் மனிதக் குரலையே அளவுகோல் ஆக்கிவிட்டார்கள்.

கிசுகிசு எதற்கு, சாதாரணப் பேச்சே போதாதா? போதாது. நாம் பேசும்போது குரல்நாண்கள் விநாடிக்கு நூறு, இருநூறு தடவை அதிர்கின்றன. அந்தக் கனத்த ஓசை, காது ஓரளவு கெட்டவருக்கும் கேட்டுவிடும். கிசுகிசுப்பில் குரல்நாண்கள் அதிர்வதே இல்லை. காற்று உரசும் ‘ஸ்’, ‘ஷ்’ போன்ற மெல்லிய உயர்ந்த ஓசைகள்தான் மிஞ்சுகின்றன. நம் உட்காதில் சுமார் பதினைந்தாயிரம் மயிர்ச்செல்கள் உண்டு. ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் நுண்ணிய செல்கள் அவை. உயர்ந்த ஓசைகளைப் பிடிப்பவை வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. பலத்த சத்தத்தில் முதலில் சாவதும் பெரும்பாலும் அவைதான். செத்தது மறுபடி முளைக்காது. ஹெட்போனை உச்சத்தில் வைத்துக் கேட்கும் பழக்கம் என்ன செய்திருக்கிறது என்பதை இந்த இருபதடித் தூரம் காட்டிக்கொடுக்கும்.

காதைப் பற்றிப் பேசும்போதே குரும்பியையும் சொல்லிவிட வேண்டும். மாதக்கணக்கில் உழைத்து வந்த பிள்ளைகளைக் காதழுக்கு காரணமாகத் ‘தற்காலிகத் தகுதியின்மை’ என்று எழுதித் திருப்பி அனுப்புவது உண்டு. அழுக்கு அடைத்திருந்தால் செவிப்பறையைப் பார்க்க முடியாது. பார்க்காததற்கு மருத்துவர் கையெழுத்துப் போடமாட்டார். இதில் வருத்தம் என்னவென்றால், காது தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் உறுப்பு. செவிப்பறையின் நடுவில் முளைக்கும் தோல், நகம் வளரும் வேகத்தில், நாளுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர், வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டரை சென்டிமீட்டர் குழாயைக் கடக்க எட்டு மாதம் ஆகும். அழுக்கு அந்தத் தோலின்மேல் ஏறி மெல்ல வாசலுக்கு வந்துவிடும். பஞ்சுக்குச்சியை விட்டுக் குடைகிறவர்கள் அந்த எட்டு மாதப் பயணத்தை ஒரே தள்ளலில் தொடங்கிய இடத்துக்கே அனுப்பிவிடுகிறார்கள். பரிசோதனைக்கு ஒரு மாதம் முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வருவது, நூறு தண்டாலுக்குச் சமமான தயாரிப்பு.

இந்த அறைக்கு அந்தப் பையன் எளிதில் வந்துவிடவில்லை. பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்கும் லட்சக்கணக்கானவர்களோடு சேர்ந்து யு.பி.எஸ்.சி. நடத்தும் 900 மதிப்பெண் எழுத்துத் தேர்வு எழுதினான். 2021 முதல் பெண்களும் இந்த வரிசையில் நிற்கிறார்கள். எழுத்தில் தேறியவர்களுக்கு இன்னொரு 900 மதிப்பெண்ணுக்கு, ஐந்து நாள் நீளும் ஒரு தேர்வு. அதை நடத்துவது எஸ்.எஸ்.பி. என்று சொல்லப்படும் தேர்வு வாரியம். கோயம்புத்தூரில்கூடக் கடற்படையின் வாரியம் ஒன்று இருக்கிறது. உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதிநகரில் 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளியின் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்தே கேட்டு வளரும் பெயர் எஸ்.எஸ்.பி. உடலை விடுங்கள், ஒருவனின் உள்ளத்தை ஐந்தே நாளில் எப்படி அளப்பது? என்னைக் கேட்டால், மொத்தத் தேர்விலும் மனிதமூளை அதிகம் வேலை செய்திருப்பது இங்கேதான்.

மனோ வாக்கு காயம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, இந்த வாரியத்தின் சூத்திரமும் அதுதான். மனத்தைப் படிப்பவர் உளவியலாளர். வாக்கைக் கேட்பவர் நேர்காணல் அதிகாரி. செயலைப் பார்ப்பவர் ஜி.டி.ஓ. எனப்படும் குழுப்பணி அதிகாரி. அதிகாரிக்கு வேண்டும் என்று வகுத்த அதே 15 குணங்களை மூவரும் தேடுகிறார்கள். ஆனால் கடைசி நாள்வரை ஒருவர் கண்டதை இன்னொருவரிடம் சொல்வதில்லை. உளவியலாளர் பையன் எழுதிய தாள்களைக் கொண்டே அவனைப் படிக்கிறார். ஒரு நிலத்தை மூன்று பேர் தனித்தனியாக அளந்து, மூன்று கணக்கும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பதுபோல.

அந்தத் தாள்களில் ஒன்று சொல் தேர்வு. திரையில் ஒரு சொல் வரும். ‘தோல்வி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்து, யோசித்து, ஒரு வாக்கியம் எழுத 15 விநாடி. உடனே அடுத்த சொல். இப்படி 60 சொற்கள், இடைவெளியே இல்லாமல் கால் மணி நேரம். ஒரு டம்ளர் தண்ணீர் நிதானமாகக் குடிக்கும் நேரம்தான் 15 விநாடி. அதில் எழுதுவதற்கே பத்து விநாடி போய்விடும். நல்லவனாக வேடம் போட மிஞ்சுவது ஐந்து. முதல் பத்துச் சொற்களுக்கு அது முடியலாம். நாற்பதாவது சொல்லில் கை வலிக்கும்போது, மனத்தில் எது மேலாக மிதக்கிறதோ அதுதான் தாளில் விழும். அறுபது வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போகும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. படிக்கிறவர் தனி வாக்கியத்தைத் தேடவில்லை. அறுபதிலும் திரும்பத் திரும்ப வரும் சாயலைத் தேடுகிறார். அந்தச் சாயல் கதைத் தேர்விலும் வராவிட்டால் கடன்வாங்கியது என்று தெரிந்துவிடும்.

கதைத் தேர்வு இன்னும் அழகு. ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். 1930களில் ஹார்வர்டில் ஹென்றி மர்ரேயும் கிறிஸ்டியானா மார்கனும் உருவாக்கிய முறை இது. என்ன நடக்கிறது என்று படம் தெளிவாகச் சொல்லாது. ஒருவன் ஜன்னலோரம் நிற்கிறான் என்றால், வேலை போனவனா, விடிந்ததும் புறப்படப் போகிறவனா? படத்தில் இல்லாததைப் பார்க்கிறவன் தன் மனத்திலிருந்து எடுத்து நிரப்புகிறான். பதினொரு படங்களுக்குப் பிறகு பன்னிரண்டாவதாக வருவது வெறும் வெள்ளை. ஒரு கோடுகூட இருக்காது. அதற்கும் கதை எழுத வேண்டும்.

அடுத்து மைதானம். இதன் தொடக்கம் 1942இல், பிரிட்டனில். அதுவரை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு சிறு நேர்காணல் போதும் என்றிருந்தார்கள். எந்தப் பள்ளி, எந்தக் குடும்பம் என்று கேட்டு எடுத்தார்கள். எடுத்தவர்களில் பலர் பயிற்சியில் தேறவில்லை. அப்போது வில்ஃபிரட் பியான் என்ற மருத்துவர் ஒரு யோசனை சொன்னார். அவர் பிறந்தது நம் மதுராவில், 1897இல். முதல் உலகப்போரில் டாங்கிப் படையில் இருந்தவர். ஏழெட்டுப் பேரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள், ஆனால் யாரையும் தலைவனாக நியமிக்காதீர்கள் என்றார். வேலை முடிகிறதா என்று பார்க்க வேண்டாம். ஒவ்வொருவனும் தான் ஜெயிக்க வந்தவன், ஆனால் மற்றவர்கள் உதவாமல் ஜெயிக்க முடியாது. இந்த இழுபறியை அவன் எப்படிச் சமாளிக்கிறான் என்பதைப் பாருங்கள் என்றார். அடுத்த ஆண்டே டேராடூனில் இந்த முறை வந்துவிட்டது.

இன்றும் அதேதான். எட்டுப் பத்துப் பேர், மார்பில் செஸ்ட் நம்பர், கையில் ஒரு பலகை, ஒரு மரக்கட்டை, கயிறு. சுமக்க ஒரு மூட்டை. தரையைத் தொடாமல் ஒரு திட்டிலிருந்து அடுத்த திட்டுக்குப் போக வேண்டும். சிவப்பு அடித்த இடத்தில் கால் படக்கூடாது. பலகை அடுத்த திட்டை எட்டாது, பாதி வழியில் நிற்கும். இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. பழைய கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் ஒரு முனையில் சால், மறுபக்கம் ஆள் நடந்து பாரத்தைச் சமன் செய்வார். அதே கணக்குதான் இது. மூன்று மீட்டர் பலகையில் ஒரு மீட்டரை வெளியே நீட்டி, இரண்டு மீட்டரை உள்ளே வைத்தால், நுனியில் நிற்கும் 60 கிலோ ஆளை உள்முனையில் 30 கிலோ எடையே தாங்கிவிடும். ஒரு நண்பன் உட்கார்ந்தால் போதும், பாலம் தயார்.

இப்போது கவனியுங்கள். நுனிக்கு ஓடிப்போய் அடுத்த திட்டுக்குத் தாவுகிறவன் எல்லோர் கண்ணிலும் படுகிறான். பின்னால் பலகைமேல் உட்கார்ந்திருக்கிறவன் எதுவும் செய்யாதவன்போலத் தெரிகிறான். ஆனால் அவன் எழுந்துவிட்டால் முன்னால் நிற்கிறவன் விழுந்துவிடுவான். ஓரமாக நின்று குறிப்பெடுக்கும் ஜி.டி.ஓ. இந்த இருவரையும் பார்க்கிறார். ‘நான் உட்கார்ந்துகொள்கிறேன், நீ போ’ என்று முதலில் சொன்னது யார் என்பதும் அவர் காதில் விழுகிறது.

நேர்காணலில் ஒரு வித்தை உண்டு. அதிகாரி சிரித்துக்கொண்டே ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து கேள்வி கேட்டுவிடுவார். பத்தாவதில் எத்தனை மார்க், பன்னிரண்டில் ஏன் குறைந்தது, பிடித்த ஆசிரியர் யார், ஏன், பிடிக்காதவர் யார், நண்பர்கள் எத்தனை பேர், போன மாதம் அவர்களோடு எங்கே போனாய்... எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் வேண்டும். மனிதனின் தற்காலிக நினைவு ஒரே நேரத்தில் நான்கைந்து பொருளுக்குமேல் தாங்காது. தொலைபேசி எண்ணை ஒருவர் சொல்லச் சொல்ல நாம் தடுமாறுவது அதனால்தான். பதினைந்து கேள்வியைப் பதினைந்தாகப் பிடிக்கப் பார்த்தால் எட்டாவதில் நழுவிவிடும். ஆனால் கேள்விகள் எல்லாம் அவன் வாழ்க்கையைப் பற்றியவை. பத்தாம் வகுப்பிலிருந்து போன மாதம்வரை ஒரு கதையாகச் சொல்லத் தொடங்கினால், பதினைந்தும் ஒரே பொட்டலமாகிவிடுகிறது. சிதறிய பூக்களைக் கையில் அள்ள முடியாது, தொடுத்துவிட்டால் ஒரு விரலில் தூக்கலாம். இதற்கு ஒரு தயாரிப்பு உண்டு. தன் பள்ளி, தன் வீடு, தன் ஊரில் ஓடும் ஆறு, தான் தோற்ற ஆட்டம் இவற்றைப் பற்றித் தானே உட்கார்ந்து யோசித்துப் பார்ப்பது. பலர் நாட்டின் ஆயுதப் பட்டியலையே மனப்பாடம் செய்துவிட்டு, தம்பி எந்த வகுப்புப் படிக்கிறான் என்ற கேள்வியில் திணறுகிறார்கள்.

இந்த ஐந்து நாளைத் தாண்டியவர்கள்தான் ராணுவ மருத்துவமனையின் அந்த அமைதியான அறைக்கு வருகிறார்கள். காது முடிந்தது, இனி கண். ஆறு மீட்டர் தள்ளி நின்று படிக்கும் 6/6 வரியின் எழுத்து உயரம் 8.7 மில்லிமீட்டர், கோட்டின் கனம் 1.75 மில்லிமீட்டர். அந்தக் கோடு விழித்திரையில் விழும்போது ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் கனத்தில் பதினான்கு கோடுகளை அடுக்கலாம்.

அதன்பின் புள்ளிப் படங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தை உருவாக்கியவர் ஷினோபு இஷிஹாரா. அவர் ஜப்பானிய ராணுவ மருத்துவர். 1917இல் படைக்கு ஆள் எடுப்பதற்காகவே அதைச் செய்தார். புள்ளிகளின் அளவும் வெளிச்சமும் வேண்டுமென்றே கலைத்துப் போடப்பட்டவை. சாயம் ஒன்றைத் தவிர வேறு எந்தத் தடயமும் எண்ணைக் காட்டாது. சில படங்களில் நிறக்குறை உள்ளவர்களுக்கு மட்டுமே எண் தெரியும், மற்றவர்களுக்கு வெறும் புள்ளிக் கூட்டம்! பார்ப்பதுபோல நடிப்பவரைப் பிடிக்க வைத்த கண்ணி அது. சிவப்பு பச்சையைப் பிரிக்கும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆண்பிள்ளைக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வரும். அதனால் இந்தக் குறை இருந்தால், தாய்மாமனுக்கும் இருக்க வாய்ப்பு உண்டு. பயிற்சியால் மாறாது. விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கண் மருத்துவரிடம் பத்து நிமிடம் செலவழித்தால், எந்தக் கதவு திறக்கும் என்று தெரிந்துவிடும்.

பிறகு முழங்காலைச் சேர்த்து நிற்கச் சொல்கிறார்கள். ஆண்களுக்குக் கணுக்கால்களுக்கு இடையே 5 சென்டிமீட்டருக்குமேல் இடைவெளி கூடாது. நெஞ்சு குறைந்தது 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். கடைசியில் பாதம். ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் நடுவில் வளைவு தெரிய வேண்டும். முழுப்பாதமும் பதிந்தால் தட்டைப்பாதம். பார்த்தவுடன் பல பிள்ளைகள் மனமுடைந்து போகிறார்கள். ஆனால் மருத்துவர் அதோடு விடுவதில்லை. “விரல் நுனியில் நில்” என்கிறார்.

பாதத்தில் 26 எலும்புகள். குதிகாலிலிருந்து விரல்கள்வரை அடியில் ஒரு தடித்த நாண் ஓடுகிறது. விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது அந்த நாண், கிணற்று ராட்டினத்தில் கயிறு வளைவதுபோல விரல் மூட்டுகளைச் சுற்றிக்கொண்டு, தன் நீளத்தை இழந்து, குதிகாலை முன்னால் இழுக்கிறது. நடுப்பாத எலும்புகள் நெருங்கி ஒரு வளைவாக எழும்புகின்றன. 1954இல் ஹிக்ஸ் என்ற மருத்துவர் இதை விளக்கினார். ஒவ்வொரு எட்டிலும் தரையில் படும்போது பஞ்சாகவும், உந்தும்போது இரும்பாகவும் மாறுவது நம் பாதம்தான்.

பையன் குதிகாலை உயர்த்துகிறான். மருத்துவர் குனிந்து பார்க்கிறார். தட்டையாக இருந்த பாதத்தின் நடுவில், மெல்ல, ஒரு வளைவு எழுகிறது. வலிக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்கிறான். குதித்துக் காட்டச் சொல்கிறார்.