எந்த பிளாக், என்ன டைப்?

நெய்வேலியில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பேருக்கு அடுத்துக் கேட்பது, "எந்த பிளாக்?" அதற்கடுத்து, குடியிருக்கும் குவாட்டர்ஸ் "என்ன டைப்?" மூன்றாவது கேள்வியைச் சிலர் நேராகவும் சிலர் சுற்றி வளைத்தும் கேட்பார்கள்: "வீட்டுக்காரரு பர்மனெண்டா, சொசைட்டியா?" நிரந்தர ஊழியரா, ஒப்பந்தத் தொழிலாளியா என்று அர்த்தம். மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால், வந்தவரைக் கூடத்தில் உட்காரச் சொல்வதா, வாசலோடு பேசி அனுப்புவதா என்பது முடிவாகிவிடும். யாரும் யோசித்து முடிவெடுப்பதில்லை. அதுதான் எனக்குக் கவலை.

நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா முதல் சுரங்கத்தில் வேலை பார்த்தார். நான் இங்கேயே பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய துகள்கள் வந்தன. 1956-இல் பழுப்பு நிலக்கரி எடுக்க என்எல்சி நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது, 1962-இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. ஊருக்குப் பெயர் கொடுத்த பழைய நெய்வேலிக் கிராமத்து ஜனங்களே வீடு வாசலை விட்டு வேறிடம் போனார்கள். அவர்கள் போன இடத்துக்குத் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும், கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

குவாட்டர்ஸை ஒதுக்கும்போது சாதி பார்க்கவில்லை. பதவியையும் சர்வீஸையும் பார்த்தார்கள். அதனால் சொந்த ஊரில் ஒரே தெருவில் குடியிருந்திருக்க முடியாத குடும்பங்கள் எங்கள் தெருவில் சுவரோடு சுவராக இருந்தன. கிறிஸ்துமஸ் கேக்கும் பொங்கல் கரும்பும் கைமாறின. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஒரு கோடு அழிகிறபோதே இன்னொரு கோடு எப்படி விழுந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கோடு விழுவதை வகுப்பறையிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளியில் ரெட், புளூ, கிரீன், எல்லோ என்று நான்கு ஹவுஸ். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிரித்துப்போடும் வேலை ஒரு வருடம் என்னிடம் வந்தது. வருகைப் பதிவேட்டை எடுத்து, முதல் பெயர் ரெட், அடுத்தது புளூ என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். இரட்டைப் பிறவிகளான இரண்டு பெண் பிள்ளைகளில் ஒருத்தி புளூவிலும் ஒருத்தி எல்லோவிலும் விழுந்தார்கள். விளையாட்டு விழாவுக்கான பயிற்சி தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். புளூ ஹவுஸ்காரி மூச்சு வாங்க ஓடிவந்தாள். "மிஸ், இந்த எல்லோ ஹவுஸ் பிள்ளைங்களே இப்படித்தான் மிஸ். எப்பப் பாத்தாலும் அழுகுணி ஆட்டம்." "உங்க அக்காவும் எல்லோதானேம்மா?" என்றேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அவ மட்டும் நல்லவ மிஸ்."

என் பேனாதான் பிரித்தது. சட்டையில் குத்திய துணிப்பட்டையைத் தவிர அந்தப் பிள்ளைகளுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை.

இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்தவர் ஹென்றி தாஜ்ஃபெல். 1919-இல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் கைதியானார். போலந்துக்காரர் என்பதை மறைத்துப் பிரெஞ்சுக் குடிமகனாகவே தன்னைக் காட்டிக்கொண்டார். உண்மை வெளிப்பட்டிருந்தால் பிழைத்திருக்க முடியாது என்றே பின்னாளில் நினைத்தார். போர் முடிந்து வந்து பார்த்தபோது சொந்தபந்தத்தில் ஏறக்குறைய யாருமே மிஞ்சவில்லை. அப்படிப்பட்டவர் 1970-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 14, 15 வயதுப் பையன்களிடம் இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாருடையது பிடிக்கிறது என்று கேட்டார். கிளே பிடித்தவர்கள் ஒரு குழு, காண்டின்ஸ்கி பிடித்தவர்கள் ஒரு குழு என்று சொல்லிப் பிரித்தார். உண்மையில் யாரை எதில் போடுவது என்பது குருட்டாம்போக்கில் செய்ததுதான். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூடப் பையன்களுக்குத் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னார். தனக்கு ஒரு பைசா லாபமில்லாத நிலையிலும், பெரும்பாலான பையன்கள் தங்கள் குழுவுக்கே கூடக் கொடுத்தார்கள்.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. இரண்டு குழுவுக்கும் நிறையக் கிடைக்கிற வழி இருந்தபோதும், தங்கள் குழுவுக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவுக்கு அதைவிடக் குறைய வேண்டும் என்கிற பக்கமே பலர் சாய்ந்தார்கள். அதைப் படித்தபோது, ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது: "எங்களுக்கு இன்கிரிமெண்ட் ஏறாட்டியும் போகட்டும் டீச்சர், சொசைட்டிக்காரனும் நாங்களும் ஒண்ணுன்னு ஆயிடக் கூடாது." நல்ல மனிதர். பக்கத்து வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் வண்டியை எடுப்பவர் அவர்தான்.

சொசைட்டி என்று இங்கே பேச்சில் வருவது, கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக வேலைக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களை. ஆண்டுக்கணக்காக அதே சுரங்கத்தில், அதே பாய்லருக்குப் பக்கத்தில், அதே ஷிப்டில் நிற்பவர்கள் அவர்களில் உண்டு. சம்பளம் வேறு, குவாட்டர்ஸ் வேறு. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பலமுறை வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். பெண் பார்க்கும் பேச்சில் படிப்பு, குணம் எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது "மாப்பிள்ளை பர்மனெண்ட்" என்பதுதான்.

ஜோனாதன் பாரி என்ற பிரிட்டிஷ் மானுடவியலாளர் பிலாய் எஃகு ஆலை நகரத்தில் பல ஆண்டுகள் ஆய்வு செய்து 2020-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். பிலாயும் நெய்வேலியைப் போலவே 1950-களில் எழுந்த அரசு நிறுவன ஊர். அங்கே நிரந்தரத் தொழிலாளிகளுக்குள் சாதி, மாநில வேற்றுமை தளர்ந்ததையும், அவர்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கும் நடுவே தூரம் கூடிப் போனதையும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். இது நம் ஊர்க்காரர்களின் தனிக்குணம் இல்லை என்று தெரிந்தபோது ஆறுதலும் வந்தது, பயமும் வந்தது.

தூரம் வந்த பிறகு அதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஆரம்பிக்கிறோம். "அவங்களுக்குச் சுத்தம் கிடையாது", "பொறுப்பு கிடையாது", "வெளி கிராமத்துப் பிள்ளைங்க வாய் அப்படி". நார்பர்ட் எலியாஸும், பள்ளி ஆசிரியரான ஜான் ஸ்காட்சனும் 1965-இல் எழுதிய நூல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு தொழிலாளர் குடியிருப்பைப் பற்றியது. பழைய தெருக்காரர்களும் புதிய தெருக்காரர்களும் ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம். முன்னால் வந்தவர்கள் யார், பின்னால் வந்தவர்கள் யார் என்பது மட்டுமே வேறுபாடு. அதற்கே பழையவர்கள் புதியவர்களை ஒதுக்கினார்கள். வம்புப் பேச்சுதான் ஆயுதம். தங்களில் மிக நல்ல நாலு பேரை வைத்துத் தங்களை எடைபோட்டார்கள், எதிர்த்தெருவில் மிக மோசமான நாலு பேரை வைத்து அந்தத் தெருவையே எடைபோட்டார்கள். எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் மதிய வேளையில் நடந்த பேச்சும் இதே கணக்குதான்.

அந்த இரட்டைப் பிறவி சொன்ன பதிலுக்கு வருகிறேன். டவுன்ஷிப் வீடுகளுக்கு வேலைக்கு வரும் அம்மாக்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். "அந்த ஊர்க்காரங்களை நம்பக் கூடாது, ஆனா எங்க வீட்டுக்கு வர்ற அம்மா தங்கம்." இதை எத்தனை வீடுகளில் கேட்டிருப்பேன்! அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதைக் கவனித்து எழுதினார். வேலியைக் கொஞ்சம் திறந்து ஒருவரை மட்டும் உள்ளே விட்டு, உடனே மறுபடி அடைத்துக்கொள்கிறோம் என்றார். ஒருவரை விலக்காகச் சேர்த்துக்கொள்ளும் அன்பு பொய்யில்லை. ஆனால் அந்த விலக்கே வேலியைக் காப்பாற்றுகிறது.

வெளியே இருக்கிற கிராமங்களுக்கு நாங்கள் எல்லாருமே, சொசைட்டி உட்பட, உள்ளே இருப்பவர்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, கதிர் வரும் நெல்வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் எடுத்தது முன்பே, பணமும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். விளைந்த பயிரை இப்படிச் செய்யலாமா என்றார்கள் விவசாயிகள். அன்று என் தெருவில் "பணம் வாங்கிட்டு அப்புறம் என்ன?" என்று கேட்டவர்களில், முன்பொரு காலத்தில் இதே சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து அதற்குப் பதிலாக வேலை வாங்கிய குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுடைய தாத்தா அழுதது அவர்களுக்குத் தெரியாதது இல்லை.

கோடு நகரக்கூடியது என்பதையும் பார்த்தோம். 2013-இல் நிறுவனத்தின் 5 சதவீதப் பங்கை விற்க மத்திய அரசு முடிவெடுத்தபோது, கொடிக்கொரு பக்கம் நின்ற தொழிற்சங்கங்கள் ஒரே பந்தலுக்கு வந்தன. கடைசியில் தமிழக அரசு நிறுவனங்களே பங்குகளை வாங்கின. அந்த ஆண்டு ஜூலையில் "நம்ம என்எல்சி" என்ற சொல்லுக்குள் டீக்கடைக்காரர்கூட இருந்தார். பந்தலைப் பிரித்ததும் அவரவர் பழைய இடத்துக்குப் போனார்கள். போராட்டத்தில் கிடைத்த வெற்றி எல்லாருக்கும் பொது. அடுத்த மாதச் சம்பளம் அப்படி இல்லையே.

2020 ஜூலை 1 அன்று இரண்டாவது அனல்மின் நிலையத்தில் பாய்லர் விபத்து. நிரந்தர ஊழியர்களும் ஒப்பந்தத் தொழிலாளிகளும் சேர்ந்தே கருகினார்கள், சேர்ந்தே இறந்தார்கள். செய்தி பரவிய நேரத்தில் எங்கள் தெருவில் பெயருக்கு அடுத்து எழுந்த கேள்வி, "பர்மனெண்டா, கான்ட்ராக்டா?" கேட்டவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அந்தக் குடும்பம் அடுத்து எப்படிப் பிழைக்கும் என்பது அந்தப் பதிலில்தான் இருந்தது.

ஆகவே, பிள்ளைகளுக்கு நல்லொழுக்கப் பாடம் நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னால் சொல்ல முடியாது. ஹவுஸ் பட்டையை அடுத்த வருடம் மாற்றிக் குத்தலாம். சம்பளச் சீட்டை ஆசிரியையால் மாற்ற முடியாது. ஒரே வகை வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிரந்தரத் தொழிலாளியின் ஊதியமே தர வேண்டும் என்று 1971-இல் வந்த மத்திய விதிகளே சொல்லின. சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியர்களுக்கும் உண்டென்று 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. சொசைட்டித் தொழிலாளிகள் கேட்பது இதைத்தான். அடுத்த முறை அவர்கள் டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு முன்னால் போராட்டத்தில் உட்காரும்போது, பர்மனெண்ட் வீடுகளிலிருந்து நாலு பேராவது போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் போவேன். என் பழைய மாணவர்கள் சிலரிடமும் சொல்லியிருக்கிறேன்.