கணிப்பொறியின் இரைச்சல்

மேசைக் கணிப்பொறி வாங்கிய புதிதில் அஃது ஓடுவதே நம் செவிக்குத் தெரிவதில்லை. ஓரிரண்டு ஆண்டுகள் சென்றபின் அதே பொறி ஓயாது இரையத் தொடங்குகிறது. ஒரே அறையில் குழந்தை உறங்கவும், மாணவன் படிக்கவும், மற்றொருவர் கணிப்பொறியில் வேலை செய்யவும் வேண்டிய இல்லங்களில் இது சிறு தொல்லையன்று. ஆயினும், இரைச்சலை அடக்கப் புகுமுன் அஃது எதனால் எழுகிறது என்பதை அறிதல் வேண்டும்.

கணிப்பொறி உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. அதன் மூளை போன்ற பிராசஸர் 100 பாகை செல்சியஸை நெருங்கினால், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்நிலை நேராதவாறு, வெப்பம் ஏற ஏற விசிறி விரைந்து சுழலுமாறு அமைத்திருக்கிறார்கள். உடம்பின் காய்ச்சலைப் போல, மிகுந்த இரைச்சலும் பெரும்பாலும் உள்ளிருக்கும் குறையின் அறிகுறியே. இரைச்சல் பொறாது விசிறியின் இணைப்பைக் கழற்றிவிடுவதும், பெட்டியைத் துணியால் மூடிவைப்பதும் பொறிக்கே கேடாய் முடியும்.

முதற்கண் கவனிக்க வேண்டுவது தூசி. பிராசஸரின் மேலுள்ள உலோகத் தகடுகளின் இடுக்குகளில் தூசி படிந்தால் காற்று நுழைய வழியிராது. மின் இணைப்பை அறவே துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து, மெல்லிய தூரிகையாலோ காற்றூதும் கருவியாலோ தூசியை அகற்றலாம். ஊதும்போது விசிறியின் இதழ்களை விரலால் பிடித்துக்கொள்க; இல்லையேல் அது கட்டின்றிச் சுழன்று பேரிங் கெடக்கூடும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறத்தல் ஆகாது. இணைப்பைத் துண்டித்த பின்னரும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும். தகடுகளுக்கும் பிராசஸருக்கும் இடையேயுள்ள வெப்பப் பசை உலர்ந்திருப்பின், துடைத்தெடுத்துப் புதிதாக இடவேண்டும்.

வெப்பம் தணிந்தபின் வேகத்தைக் குறைக்கலாம். இங்கே இயற்கை நமக்குத் துணைநிற்கிறது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், காற்றும் ஐந்தில் ஒரு பங்கே குறையும். இரைச்சலோ ஏறத்தாழ 5 டெசிபெல் தணியும். வேகம் பாதியானால் 15 டெசிபெல் தணியும். 10 டெசிபெல் குறைந்தாலே ஒலி பாதியாயிற்றென நம் செவி உணரும். இவ்வேகத்தைக் கணிப்பொறியின் பயாஸ் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். பெட்டியில் இடமிருந்தால், 80 மில்லிமீட்டர் விசிறிக்குப் பதிலாக 120 மில்லிமீட்டர் விசிறியைப் பொருத்துவதும் நன்று. அஃது அதே அளவு காற்றை மெதுவாகச் சுழன்றே தள்ளும்.

வேகம் குறைந்த பின்னரும் கரகரவென்ற ஓசை கேட்குமாயின், பேரிங் தேய்ந்திருக்கலாம். அவ்விசிறியை மாற்றுவதே வழி. பெட்டி அதிர்ந்து ஒலித்தால், திருகுகளை முடுக்கி, அடியில் ரப்பர் துண்டுகளை வைத்தல் போதும்.

இன்னொன்றையும் நேயர்கள் நினைவில் கொள்ளவேண்டும். 20 பாகை வெப்பமுள்ள அறையில் 60 பாகையில் இயங்கும் பிராசஸர், அதே வேலையை அதே விசிறி வேகத்தில் 40 பாகைக் கோடையில் செய்யும்போது ஏறக்குறைய 80 பாகையை எட்டும். ஆகவே, மார்கழியில் குறைத்துவைத்த வேகம் சித்திரையில் போதாமற்போகலாம். கோடை பிறந்ததும் வெப்பநிலையை மீண்டும் ஒருமுறை பார்த்து, வேண்டுமளவு வேகத்தைக் கூட்டிக்கொள்க.