மிதிவண்டி வணரியின் நீளம்

வணரி என்பது மிதிவண்டியின் பெடலைப் பற்சக்கர அச்சுடன் இணைக்கும் உலோகக் கை ஆகும். பேச்சு வழக்கில் இது கிராங்கு எனப்படுகிறது. அச்சின் மையத்துக்கும் பெடல் பொருந்தும் துளையின் மையத்துக்கும் இடைப்பட்ட தொலைவே வணரியின் நீளமாகும். பெரியவர்களுக்கான மிதிவண்டிகளில் இது பெரும்பாலும் 165 முதல் 175 மிமீ வரை இருக்கும்.

நெம்புகோல் விளைவு

வணரி ஒரு நெம்புகோலாகச் செயற்படுகிறது. அச்சில் 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்க, 165 மிமீ வணரியில் சுமார் 182 நியூட்டன் விசையும், 150 மிமீ வணரியில் 200 நியூட்டன் விசையும் தேவை. எனவே குட்டையான வணரியில் மிதிப்பது கடினமாக உணரப்படும். ஆயினும் பாதம் சுற்றும் வட்டம் சிறிதாகும். பின்சக்கர ஃப்ரீவீலில் 18 பற்களுக்குப் பதிலாக 20 பற்கள் அமைத்தால் இவ்வேறுபாடு ஏறத்தாழ ஈடாகிவிடும். அப்போது அதே வேகத்துக்குச் சற்று விரைவாக மிதிக்க வேண்டும். காரைக்கால் மாவட்டத்துக் குரும்பகரம் போன்ற சமதளமான கழிமுக ஊர்களில், பல்லிணை மாற்றி இல்லாத சாதாரண மிதிவண்டிக்கும் இம்மாற்றம் பொருந்தும்.

முழங்கால் மடக்கம்

வணரி 15 மிமீ குறைந்தால், கால் நீட்டம் மாறாதிருக்க இருக்கையை அதே அளவு உயர்த்த வேண்டும். இதனால் பெடல் உச்சியில் இருக்கும்போது முழங்காலுக்கு 30 மிமீ கூடுதல் இடம் கிடைக்கிறது, மடக்கம் குறைகிறது. ஆனால், உயர்ந்த இருக்கையிலிருந்து தரையில் கால் ஊன்றுவது கடினமாகும். புதிதாகக் கற்பவர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

சிறுவர்களும் பெரிய மிதிவண்டியும்

பெரியவர்களின் மிதிவண்டியில் சிறுவர்களின் கால் பெடலின் அடிநிலையை எட்டாது. அதனால் குறுக்குக் கம்பியின் கீழே காலை நுழைத்து ஓட்டும் முறை தமிழகத்தில் குரங்கு பெடல் எனப்படுகிறது. முழுச் சுற்று மிதிக்க இயலாதவர்கள் அரைச் சுற்று மிதித்து, பெடலைப் பின்னோக்கித் திருப்பி மீண்டும் மிதிப்பர். பின்னோக்கிய சுழற்சியை ஃப்ரீவீல் அனுமதிப்பதாலேயே இது இயலுகிறது. 2024 இல் இப்பெயரில் ஒரு தமிழ்த் திரைப்படமும் வெளிவந்தது.

ஆய்வும் நடைமுறையும்

மார்ட்டின், ஸ்பர்டுசோ ஆகியோர் 2001 இல் வெளியிட்ட ஆய்வில் 120 முதல் 220 மிமீ வரையான ஐந்து வணரிகள் ஒப்பிடப்பட்டன. உச்சத் திறன் சுமார் 4 விழுக்காடே வேறுபட்டது. நீண்ட வணரியே கூடுதல் திறன் தரும் என்ற பரவலான கருத்தை இம்முடிவு ஆதரிக்கவில்லை. ஆகவே வணரியின் நீளத்தைத் தேர்வதில், திறனைவிட ஓட்டுபவரின் கால் நீளமும் முழங்கால் வசதியுமே முதன்மையானவை.