பூட்டுவதா, பூட்டியதை வாங்குவதா?
ஹாலிஎல இளைஞர் ஒருவரின் மவுண்டன் பைக் கணக்கு

வெலிமடைப் பக்கமிருந்து வரும் ஏ-5 வீதியும், பண்டாரவளைப் பக்கமிருந்து வரும் ஏ-16 வீதியும் ஹாலிஎலயில் சந்திக்கின்றன. அங்கிருந்து பதுளைக்குப் போவதென்றால் பரவாயில்லை. வேறு எந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாலும் ஏற்றம்தான். தோட்டப் பக்கம் திரும்பினால் தார் முடிந்து கல் பாதை ஆரம்பித்துவிடும்.

இந்த ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அண்மையில் என்னைச் சந்திக்க வந்தார். கட்டாரில் ஐந்து வருடம் உழைத்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய வாப்பா சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். எல்ல, தெமோதரைப் பகுதிகளுக்கு ஒன்பது வளைவுப் பாலத்தையும், வளைந்து தன் அடியிலேயே புகுந்து செல்லும் ரயில் பாதையையும் பார்க்க வெளிநாட்டவர்கள் வருகிறார்கள் அல்லவா? அவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்க ஐந்து மவுண்டன் பைக்குகள் வேண்டும் என்பது அவரது திட்டம்.

"நானா, பார்ட்ஸ் பார்ட்ஸா வாங்கி நானே பூட்டினா மலிவுதானே? வேலைக் கூலியும் இல்லை. காசு கொஞ்சம் குறையுது. உம்மா தன்ட நகையத் தாறன் என்டு சொல்றா" என்றார்.

நகையின் பேச்சு வந்ததும் கணக்கைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம் என்றேன். அன்று நாங்கள் போட்ட கணக்கு, சிறு முதலீட்டில் தொழில் தொடங்க எண்ணும் ஏனைய வாசகர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே தருகிறேன்.

கூட்டிப் பார்த்தால்

முதலில் ஒரு தாளை எடுத்து, ஒரு சைக்கிளுக்குத் தேவையானவற்றை வரிசையாக எழுதச் சொன்னேன். பிரேம், முன் போர்க், இரண்டு ரிம், இரண்டு ஹப், கம்பிகள், டயர், டியூப், கிராங்க், பெடல், செயின், பின் பற்சக்கரத் தொகுதி, கியர் மாற்றும் கருவி, பிரேக், ஹேண்டில், சீட், சீட் கம்பம். இவை அவருக்கு உடனே நினைவில் வந்தவை. பிறகு கேபிள், கேபிள் உறை, பிடிகள், ரிம்முக்குள் ஒட்டும் நாடா, ஆணிகள், கிரீஸ் என்று பட்டியல் நீண்டது. கணக்கைக் கெடுப்பவை பெரும்பாலும் இந்தச் சில்லறைகள்தான்.

கொழும்பு டாம் வீதியில் விசாரித்து ஒவ்வொன்றுக்கும் எதிரே விலையை எழுதினார். கூட்டிப் பார்த்தபோது, ஏறக்குறைய அதே தரத்திலுள்ள முழுச் சைக்கிளின் விலையை அது தாண்டி நின்றது.

இதில் ஆச்சரியமில்லை. சைக்கிள் தயாரிக்கும் கம்பனி கியர், பிரேக் போன்றவற்றை ஆயிரக்கணக்கில், தனித்தனிப் பெட்டி கூட இல்லாமல், தயாரிப்பாளரிடமிருந்து நேரடியாக வாங்குகிறது. நாம் வாங்கும் ஒற்றைக் கியரோ பெட்டிக்குள் வருகிறது. இறக்குமதியாளரின் இலாபம், மொத்த வியாபாரியின் இலாபம், சில்லறைக் கடைக்காரரின் இலாபம் என்று மூன்று கைகள் மாறுகிறது. இப்படி இருபது பொருட்களுக்கும் இந்த மூன்று இலாபங்களையும் நாமே கொடுக்கிறோம். நமது கைக்கூலியை மிச்சப்படுத்தி இதை ஈடுசெய்ய முடியாது.

கலிபோர்னியாவில் நடந்தது

மவுண்டன் பைக்கின் வரலாறே இந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் பிரதேச இளைஞர்கள் மலை இறக்கத்தில் சைக்கிள் ஓட்டத் தொடங்கினார்கள். அப்போது கடையில் மவுண்டன் பைக் என்று ஒன்று கிடையாது. 1930, 40களின் பழைய கனமான பிரேம்களை எடுத்து, மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடி, வேறு சைக்கிளின் கியர் என்று கிடைத்ததைப் பூட்டினார்கள். வாங்க வழியில்லாததால் பூட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1976 ஒக்டோபரில் அவர்கள் ஆரம்பித்த இறக்கப் போட்டியின் பெயர் 'ரீபாக்'. சுமார் 3 கிலோமீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 400 மீற்றர் இறக்கம். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய ஹப் பிரேக்கின் சூட்டில் உள்ளேயிருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். ஓடி முடித்ததும் திரும்பவும் கிரீஸ் அடைக்க வேண்டும். 'திரும்ப அடைத்தல்' என்பதே அந்தப் பெயரின் பொருள்.

1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதிய பிரேம் ஒன்றைச் செய்தார். 1979இல் கேரி பிஷரும் சார்லி கெல்லியும் டொம் ரிச்சி செய்த பிரேம்களை வைத்து, கையால் பூட்டிய சைக்கிள்களை விற்கத் தொடங்கினார்கள். விலை சுமார் 1,300 டொலர். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பனி ஜப்பானில் மொத்தமாகச் செய்வித்த 'ஸ்டம்ப்ஜம்பர்' வந்தது. விலை சுமார் 750 டொலர். மொத்த உற்பத்தி வந்தவுடன் கைப்பூட்டின் விலைச் சாதகம் முடிந்துவிட்டது. நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் அந்தக் கணக்கு மாறவில்லை.

பொருந்தாத துண்டுகள்

விலையை விடப் பெரிய ஆபத்து அளவுகளில் இருக்கிறது. வாப்பாவின் காலத்து சைக்கிளில் பெரும்பாலான பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். இன்றைய மவுண்டன் பைக்கில் அப்படியல்ல.

முன் போர்க்கின் தண்டு சிலவற்றில் மேலும் கீழும் ஒரே பருமன், 28.6 மில்லிமீற்றர். சிலவற்றில் அடிப்பக்கம் 38.1 மில்லிமீற்றராகப் பருத்திருக்கும். பின் ஹப்பின் அகலம் 135 மில்லிமீற்றரும் உண்டு, 148உம் உண்டு. சீட் கம்பத்தில் 27.2, 30.9, 31.6 என்று பல அளவுகள். பின் பற்சக்கரங்கள் சிலவற்றில் மரை வைத்துத் திருகுபவை, சிலவற்றில் செருகுபவை. செருகுபவற்றிலும் ஷிமானோவின் 12 பற்சக்கரத் தொகுதிக்குரிய ஹப் வேறு, பழைய 8, 9, 10 பற்சக்கரத் தொகுதிகளுக்குரியது வேறு.

இதை நான் ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. என் மகனுக்கு ஒரு சைக்கிள் பூட்டப் போய், அடி பருத்த போர்க் ஒன்றை வாங்கி வந்தேன். பிரேமின் தலைக்குழாயோ ஒரே பருமனானது. பெட்டி உடைத்த பொருளைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. பஸ் செலவும் ஒரு நாள் வேலையும் போனதோடு, அந்தப் போர்க் இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது. ஒரு சைக்கிளில் ஏற்பட்ட இந்தப் பிழை ஐந்து சைக்கிளில் ஏற்பட்டால் முதலில் கை வைப்பது உம்மாவின் நகையில்தான்.

இறக்கமும் பிரேக்கும்

பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலும், பதுளை 700 மீற்றருக்குச் சற்றுக் கீழேயும் உள்ளன. ஆளும் சைக்கிளுமாக 85 கிலோ எடை இந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியாகும் சக்தி, ஒரு லீற்றருக்கும் அதிகமான பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு பகுதி காற்றில் கழிந்தாலும், மீதியின் பெரும் பங்கைத் தாங்குவது பிரேக்தான். ரீபாக்கில் கிரீஸ் புகைந்த காரணம் இதுவே.

எனவே பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பிரேக். சேறும் மழையுமான காலத்தில் ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் பிரேக்கை விட டிஸ்க் பிரேக் நம்பகமானது. அதிலும் கேபிளால் இயங்குவதை ஹாலிஎலயிலேயே திருத்தலாம். எண்ணெயால் இயங்குவது குறைந்த விரல் பலத்தில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் எண்ணெய் மாற்றும் கருவியும் பழக்கமும் தேவை. ஷிமானோவுக்கு மினரல் எண்ணெய், வேறு சிலவற்றுக்கு வாகன பிரேக் எண்ணெய் வகை. மாற்றி ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

முழுச் சைக்கிள் வாங்கும்போதும் ஏமாறலாம். முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்து, பார்வைக்கு மவுண்டன் பைக் போலத் தோன்றும் மலிவு சைக்கிள்கள் ஏராளம். ஏற்றத்தில் மிதிக்கும்போது பின் ஸ்பிரிங் அமிழ்ந்து நமது பலத்தைத் தின்றுவிடும். எடையும் அதிகம். அதே விலைக்குப் பின் ஸ்பிரிங் இல்லாத, நல்ல பிரேக் உள்ள சைக்கிள் எவ்வளவோ மேல்.

எப்போது பூட்டலாம்?

பூட்டவே கூடாது என்பது என் கருத்தல்ல. மூன்று சந்தர்ப்பங்களில் அது பொருத்தமானது.

ஒன்று, நல்ல பிரேம் ஏற்கனவே கையில் இருந்தால். ஆனால் தலைக்குழாய் இணைப்பிலும் பெடல் அச்சுக் குழாயின் அருகிலும் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெடித்த அலுமினிய பிரேமை ஊர் வெல்டிங்கில் ஒட்டி ஓடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

இரண்டு, மிக உயரமான அல்லது மிகக் குள்ளமான ஒருவருக்குக் கடைச் சைக்கிள் பொருந்தாதபோது.

மூன்று, இன்ன பாகம்தான் வேண்டும் என்று கேட்டு முற்பணம் தருகின்ற வாடிக்கையாளர் இருக்கும்போது. அப்போது முதலீடு அவருடையது, கைவேலை உங்களுடையது.

இந்த மூன்றாவதில் ஒரு பெரிய பாடமும் உண்டு. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம், சீனச் சைக்கிள்களுக்கு விதித்திருந்த 48.5 வீதத் தண்ட வரியை இலங்கையிலிருந்து செல்லும் சைக்கிள்களுக்கும் விரித்தது. இங்கே சீனப் பாகங்களைப் பூட்டி மட்டும் அனுப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. தம் தயாரிப்பு உண்மையானது என்று நிரூபித்த கம்பனிகளுக்கு விலக்குக் கிடைத்தது. அந்தச் சட்டத்தின் அளவுகோல் கவனிக்கத்தக்கது. பாகங்களின் பெறுமதியில் 60 வீதமோ அதற்கு மேலோ வரி விதிக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்திருந்தால் அது வெறும் பூட்டு வேலை. ஆனால் அவற்றோடு இங்கே சேர்க்கப்பட்ட பெறுமதி உற்பத்திச் செலவின் 25 வீதத்தைத் தாண்டினால் அப்படிக் கொள்ளப்படாது. நாட்டுக்கென்றாலும் தனி மனிதனுக்கென்றாலும் கேள்வி ஒன்றுதான். ஆணி முறுக்குவதைத் தவிர நாம் சேர்த்த பெறுமதி என்ன?

கைத்தொழில் வீண்போகாது

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன யோசனை இது. ஐந்து வேண்டாம், இரண்டில் தொடங்குங்கள். இரண்டும் ஒரே மொடலாக இருக்கட்டும். ஒன்றின் டியூபும் பிரேக் கட்டையும் மற்றதற்குப் பொருந்தும், உதிரிப்பாகக் கையிருப்பும் பாதியாகக் குறையும். பழகிய பாகங்கள் தேய்ந்த பிறகு, தேய்ந்ததை மட்டும் ஒருபடி நல்லதாக மாற்றுங்கள். இப்படி இரண்டு மூன்று வருடத்தில் அந்தச் சைக்கிள் பாதி நீங்கள் பூட்டியதாகவே இருக்கும். காசும் ஒரேயடியாகப் போகாது.

முழுச் சைக்கிளும் பெட்டியில் பாதி பூட்டிய நிலையில்தான் வருகிறது. அச்சுகளுக்குக் கிரீஸ் இட்டு, சில்லின் கம்பிகளைச் சமப்படுத்தி, பிரேக்கைச் சரிசெய்யாமல் வாடகைக்கு விடக்கூடாது. முதல் சில வாரங்களில் கேபிள் தளரும், கம்பிகள் இளகும். வாப்பாவிடம் பழகிய கை இந்த இடத்தில்தான் காசாகிறது. ஒவ்வொரு வாடகைக்கும் முன் பிரேக்கைப் பரிசோதித்து ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். தலைக்கவசம் இல்லாமல் எவருக்கும் சைக்கிளைக் கொடுக்காதீர்கள்.

2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை போனதையும், பெற்றோலுக்கு வரிசையில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. அப்போது பரணில் கிடந்த சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன, புதிய சைக்கிளின் விலையோ எட்டாத உயரத்துக்குப் போனது. அந்த நாட்களில் கைகொடுத்தது திருத்தத் தெரிந்த கைகள்தான்.

தம்பி இரண்டு சைக்கிள்களை முழுதாக வாங்கியிருக்கிறார். வாப்பாவின் கடைப் பலகையையும் தூசி தட்டி மாட்டியிருக்கிறார். வாடகைக்கு ஆள் வராத நாட்களில் ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிள்கள் திருத்தத்துக்கு வருகின்றன. உம்மாவின் நகை உம்மாவிடமே இருக்கிறது.