மூன்று நிமிடத் தோடி

எங்கள் புங்குடுதீவு மடத்துவெளி முருகன் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் தோடி இராகத்தைத் தொடங்கினால் யாரும் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. அப்படிக் கேட்டுப் பழகிய எனக்குத் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பழைய இசைத்தட்டுப் பதிவுகள் முதலில் வியப்பையே தந்தன. தோடியை மணிக்கணக்காக வாசித்தவர் என்று பெரியவர்கள் புகழும் வித்துவான், மூன்று நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்!

காரணம் தட்டுத்தான். அரக்குக் கலந்து செய்த பத்து அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 தரம் சுழலும். ஊசி விளிம்பிலிருந்து நடுப்பகுதிக்கு வர ஏறக்குறைய மூன்று நிமிடம், அதற்குமேல் இடமில்லை. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்சுக்கும் இதே நெருக்கடி இருந்தது. 1939இல் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டைப் பதிவு செய்தபோது, தொடக்கத்தில் மெட்டைச் சற்றே தொட்டுவிட்டு, மீதி நேரத்தைத் தன் கற்பனைக்கே கொடுத்தார்.

இராக ஆலாபனையிலோ தொட்டுவிட்டுப் போக மெட்டும் இல்லை, சொல்லும் இல்லை. எல்லாமே கற்பனை. ஆறுதலாக ஏறவேண்டிய இராகத்தைச் சுருக்கும்போது எதை விடுவது? காந்தாரத்தை விடமுடியாது. தோடியில் அந்தச் சுரம் நேராக நிற்பதில்லை, அசைந்துகொண்டேயிருக்கும். நாதஸ்வரத்தில் ஹார்மோனியம்போலக் கட்டைகள் இல்லை. ஏழு துளைகளை விரல்களால் முழுதாகவும் பாதியாகவும் மூடித் திறந்து, சீவாளியில் மூச்சைக் கூட்டிக் குறைத்துத்தான் அந்த அசைவை உண்டாக்கவேண்டும். பதிவின் இரைச்சலுக்குள்ளும் அது தெளிவாகக் கேட்கிறது. இரண்டாம் தரம் கேட்கும்போது இரைச்சல் காதுக்குப் பழகிவிடும்.

இந்த வாசிப்பு தஞ்சாவூருக்கு வெளியேயும் ஆட்களை இழுத்தது. அவர்களுள் ஒருவர் ஷேக் சின்ன மௌலானா. 1924இல் ஆந்திராவின் கரவதியில், தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். இராஜரத்தினத்தின் வாசிப்பில் மனம் பறிகொடுத்து, அந்தப் பாணியைக் கற்கத் தமிழ்நாட்டுக்கு வந்தார். பின்னர் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். 1998இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. நாதஸ்வரம் நமக்குரியதா என்று கேட்கும் தோழிகளுக்கு நான் சொல்வது அவர் பெயரைத்தான்.

அவர் காலத்தில் நீண்டநேரம் ஓடும் தட்டுகள் வந்துவிட்டன. முதலில் இராஜரத்தினத்தின் மூன்று நிமிடத்தைக் கேளுங்கள். பிறகு மௌலானாவின் நீண்ட வாசிப்பு ஒன்றுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்.