கம்பி வேலிக்கு வெளியே நிற்கும் புதுப் பெற்றோர்

ரொம்ப நாளா குறிப்பேட்டுல கிடந்த விஷயம் இது. பிள்ளைகளை விளையாட்டுல சேர்ப்பது பற்றி எல்லாரும் எழுதுறாங்க. கூட வர்ற அப்பா அம்மா அந்தக் கூட்டத்துக்குள்ள எப்படிச் சேருறாங்க, சிலர் சேராமலேயே மூணாவது மாசம் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு ஏன் காணாமப் போயிடுறாங்க என்பதைப் பற்றித் தமிழில் அதிகம் பார்த்ததில்லை. அதைத்தான் இங்க கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கப் போறேன்.

தூத்துக்குடியில சாயங்காலம் தருவை மைதானம் பக்கம் போனவங்களுக்கு அந்தக் காட்சி தெரியும். உள்ளே பிள்ளைகள். வெளியே பைக்குல சாய்ஞ்சு நிற்கிற அப்பாக்கள், தண்ணி பாட்டிலோட உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள். இந்த ஊர்ல அந்தக் கூட்டம் ஒரே மாதிரி ஆட்களால ஆனதில்ல. துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் மாற்றலாகி வந்தவங்க இருக்காங்க. தமிழ் சரியா வராத மத்தியப் பாதுகாப்புப் படைக் குடும்பங்கள் இருக்கு. கடைக்காரங்க, ஆசிரியர்கள், விசைப்படகுல போறவங்க வீட்டுப் பிள்ளைகள், உப்பளத்துல வேலை பார்க்கிறவங்க பிள்ளைகள். மைதானத்துக்குள்ள ஒரே வாரத்துல கலந்துடுறாங்க. வேலிக்கு வெளியேதான் கலப்பு நடக்க மாட்டேங்குது.

புதுசா வர்ற ஒரு அம்மாவுக்கு என்னவெல்லாம் தெரியாதுன்னு யோசிச்சுப் பாருங்க. என்ன ஷூ வாங்கணும், விலை கூடினது இப்பவே தேவையா, ஆறு மாசம் பொறுக்கலாமா. பள்ளிக்கல்வித் துறை நடத்துற பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளுக்குப் பள்ளிக்கூடம் மூலமாத்தான் போகணுமா. முதலமைச்சர் கோப்பைக்கு இணையத்துல பதிவு எப்போ திறக்கும். வயசுப் பிரிவை எந்தத் தேதியை வெச்சுக் கணக்குப் போடுவாங்க. ஜெயிச்ச சான்றிதழ் பின்னாடி கல்லூரிச் சேர்க்கையில எடுபடணும்னா எந்தப் படிவத்துல, யாரு கையெழுத்து வேணும். தமிழ்நாட்டு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிற நிலைமையில இதெல்லாம் சின்ன விஷயம் இல்ல. ஒரு தேதி தவறினா ஒரு வருஷம் போச்சு. இதுல பாதி எங்கேயும் ஒழுங்கா எழுதி ஒட்டப்படுறதில்ல. மூணு வருஷமா அந்த வேலி ஓரமா நிற்கிற பழைய பெற்றோர் தலைக்குள்ளதான் இருக்கு. வரவேற்பு என்பது சிரிச்சுப் பேசுறதை விட, இந்தத் தகவல் கை மாறுவதைத்தான் முதல்ல குறிக்கும் என்பது என் கணக்கு.

2009-ல டிராவிஸ் டார்ஷும் கூட இருந்தவங்களும் அமெரிக்காவுல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வழக்கமா அப்பா அம்மா பிள்ளையை விளையாட்டுக்குப் பழக்குறதைத்தான் ஆராய்வாங்க. இவங்க திருப்பிக் கேட்டாங்க: பிள்ளை விளையாடப் போறதால அப்பா அம்மா எப்படி மாறுறாங்க? நடத்தை, விளையாட்டு பற்றிய அறிவு, உணர்ச்சி, வீட்டுக்குள்ளயும் வெளியயும் உள்ள உறவு எல்லாமே மாறுதுன்னு பெற்றோரே சொன்னாங்க. அதாவது பெற்றோரும் அங்க ஒரு பயிற்சியிலதான் இருக்காங்க. பிள்ளைக்குப் பயிற்சியாளர் இருக்கார். பெற்றோருக்கு யாரு? பக்கத்துல நிற்கிற இன்னொரு பெற்றோர்தான்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு. மரியோ ஸ்மால் என்ற சமூகவியலாளர் நியூயார்க்குல பிள்ளைகளைப் பகல்ல விட்டுட்டுப் போற காப்பகங்களை ஆராய்ஞ்சு 2009-ல ஒரு புத்தகம் போட்டார். காப்பகத்துல பிள்ளையைச் சேர்த்த அம்மாக்களுக்கு அங்கேயே நல்ல சிநேகிதங்கள் கிடைச்சிருந்தது. அவங்க யாரும் சிநேகிதம் தேடிப் போகல. பிள்ளையை விடத்தான் போனாங்க. ஏன் சில இடங்கள்ல கிடைச்சது, சில இடங்கள்ல இல்லன்னு பார்த்தா, அம்மாக்களோட குணம் பெரிய காரணமா இல்ல. காப்பகத்தோட ஏற்பாடுதான் காரணம். பிள்ளையைக் கூப்பிட வர்ற நேரம் கறாரா இருந்தா எல்லாரும் ஒரே நேரத்துல வாசல்ல சந்திப்பாங்க. பிள்ளைகளை வெளியே கூட்டிட்டுப் போக நாலு பெற்றோர் கூட வரணும்னு விதி இருந்தா நாலு பேர் ஒரு நாள் முழுக்கச் சேர்ந்திருப்பாங்க. பணம் திரட்டுற வேலை இருந்தா பேசித்தான் ஆகணும். பழக்கம் அப்படித்தான் விளையுது.

இதைப் படிச்சதும் நம்ம மைதானங்கள் ஞாபகத்துக்கு வந்தது. "இங்க இருக்கிறவங்க யாருமே பேச மாட்டாங்க"ன்னு புதுசா வந்தவங்க சொல்லுவாங்க. "அவங்கதான் ஒதுங்கி நிக்காங்க"ன்னு பழையவங்க சொல்லுவாங்க. ரெண்டு பேரும் குணத்தைப் பற்றிப் பேசுறாங்க. ஆனா பயிற்சி முடியற நேரம் தினம் ஒரு மாதிரி இருந்தா, உட்கார ஒரு நிழல் இல்லன்னா, ஒவ்வொருத்தரும் தன் பைக் பக்கத்துல நின்னு செல்போனைத்தான் பார்ப்பாங்க. ஒரு பெஞ்சு போட்டா பாதிப் பிரச்சினை தீரும்னு சொன்னா சிரிப்பாங்க. 1950-லயே ஃபெஸ்டிங்கரும் அவரோட சகாக்களும் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்புல பார்த்துச் சொன்னது இதைத்தான்: படிக்கட்டுப் பக்கம் வீடு இருந்தவங்களுக்குச் சிநேகிதம் அதிகம்.

ஆனா ஸ்மாலோட காப்பகத்துக்கும் நம்ம மைதானத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. காப்பகத்துல ஒரு பிள்ளை நல்லா இருந்தா இன்னொரு பிள்ளைக்கு நஷ்டம் இல்ல. ஹாக்கி அணியில கோல்கீப்பர் இடம் எத்தனை? புதுசா வந்த பையன் நல்லா ஆடினா நம்ம பையன் உட்காரணும். பதிவுக் கடைசித் தேதியைப் புது அண்ணாச்சிக்குச் சொல்றது நம்ம பிள்ளைக்கு நாமளே போட்டியாளரைச் சேர்க்கிற மாதிரி. யாரும் வாய்விட்டு இப்படி நினைக்க மாட்டாங்க. "சொல்லணும்னு நினைச்சேன், மறந்துட்டேன்" என்பாங்க, பல நேரம் அது உண்மையும்கூட. அதனால இதைத் தனிமனுஷன் பெருந்தன்மையில விடக் கூடாது என்பது என் கருத்து. தேதி, படிவம், செலவு இதெல்லாம் ஒருத்தர் இன்னொருத்தர் காதுல சொல்ற விஷயமா இல்லாம, பயிற்சியாளர் வாயால எல்லாருக்கும் ஒரே நாள்ல தெரியணும். ஒரு தாள்ல எழுதிக் கதவுல ஒட்டினாலே போதும். அப்புறம் பெற்றோர் நடுவுல மிச்சம் இருக்கிறது போட்டி இல்லாத பேச்சு. எந்தக் கடையில ஷூ மலிவு, கால் சுளுக்குக்கு யாரைப் பார்க்கலாம், வெயில்ல ஆடிட்டு வந்தா என்ன குடிக்கக் கொடுக்கலாம். இதைச் சொல்றதுல யாருக்கும் கஞ்சத்தனம் இருக்காது.

இப்போ கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வர்றேன். நம்ம பக்கம் புது ஆளைப் பார்த்தா முதல் கேள்வி, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" ரெண்டாவது, "ஊர்ல எந்தப் பக்கம்?" மூணாவது, "எந்தத் தெரு?" கேட்கிறவர் அன்பாத்தான் கேட்கிறார். ஆனா தென்மாவட்டத்துல மூணாவது கேள்விக்குப் பதில் என்ன சொல்லும்னு கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுறவருக்கும் தெரியும். 2023 ஆகஸ்ட்ல பக்கத்துல நாங்குநேரியில சக மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினதுக்குப் பிறகு, நீதிபதி கே. சந்துரு தலைமையில அரசு ஒரு நபர் குழு அமைச்சது. 2024 ஜூன்ல வந்த அறிக்கை, பள்ளிப் பிள்ளைகள் கையில கட்டுற வண்ணக் கயிறு வரைக்கும் பேசுச்சு. பிள்ளைகள் கயிறை அவிழ்க்கணும்னு சொல்ற நாம, வேலிக்கு வெளியே தெருப் பேரைக் கேட்டு அதே வேலையைச் செய்யறோம். பதில் சொல்லத் தயங்குற அப்பா மறுநாள் பத்தடி தள்ளி நிற்பார். "ஒதுங்கி நிக்காரு"ன்னு நாம சொல்லுவோம்.

ஆளை அறிமுகத்தோடதான் நம்பணும் என்ற பழக்கம் இந்தக் கடற்கரையில ரொம்பப் பழசு. முத்துக்குளிக்கிறவன் கயிற்றை மச்சான்தான் பிடிக்கணும்னு இன்னும் சொல்லுவாங்க. தங்கச்சி வாழ்க்கைக்காகவாவது கைவிட மாட்டான் என்பது கணக்கு. மூச்சு அவன் கையில இருக்கும்போது அது நியாயமான கணக்குத்தான். 1961-க்கு அப்புறம் இங்க சலாபமே நடக்கல. வேலி ஓரத்துல யாரு மூச்சும் யாரு கையிலயும் இல்ல.

அப்போ என்ன கேட்கலாம்? பிள்ளையைப் பற்றிக் கேட்கலாம். "உங்க பாப்பா எது? அந்த நீலச் சட்டையா? ஓட்டம் நல்லா இருக்கே!" அதுக்கு மேல அறிமுகம் தேவையே இல்ல. பல மைதானங்கள்ல பெற்றோருக்குப் பேரே கிடையாது, "ரோஷன் அம்மா", "கவி அப்பா" என்றுதான் கூப்பிடுறாங்க. பெண்களோட பேரை மறைக்கிற பழக்கம்னு இதைக் குறை சொல்றவங்க இருக்காங்க, அதுல நியாயமும் உண்டு. ஆனா புதுசா வந்தவருக்கு அது ஒரு பாதுகாப்பான பேர். ஊரும் தெருவும் ஒட்டாத பேர்.

வாட்ஸ்அப் குழு பற்றி ரெண்டு விஷயம் மட்டும். குழுவுல இருக்கிறது அப்பா நம்பர், மைதானத்துக்கு வர்றது அம்மா. "இன்னைக்குப் பயிற்சி இல்ல"ன்னு போட்ட செய்தி கடல்ல இருக்கிற அப்பா செல்போனுக்குப் போகும். அம்மா ரெண்டு பஸ் மாறி வந்து பூட்டின கதவைப் பார்ப்பாங்க. அம்மா நம்பரைச் சேர்க்கலாமேன்னா, முகம் தெரியாத நாற்பது ஆண்களுக்கு நம்பர் தெரியும், ராத்திரி 11 மணிக்கு காலை வணக்கம் அனுப்புற ஆளும் அதுல இருப்பார். பயிற்சியாளர் மட்டும் செய்தி போடக்கூடிய அறிவிப்புக் குழு ஒண்ணு, அரட்டைக்கு வேற ஒண்ணு என்று பிரிச்சா இது பெருமளவு சரியாகும். படிக்கத் தெரியாதவங்களுக்கு அறிவிப்பைக் குரல் பதிவாவும் போடலாம். நாற்பது நொடி வேலை.

2011-ல கிரிகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் ரெண்டு பேரும் 'சயன்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு கல்லூரியில முதல் வருஷ மாணவர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி. விஷயம் இவ்வளவுதான்: "ஆரம்பத்துல எல்லாருக்குமே இது நமக்கான இடம் இல்லையோன்னு தோணும், போகப் போகச் சரியாகும்" என்று மூத்த மாணவர்கள் சொன்னதைப் படிக்க வெச்சாங்க. மூணு வருஷத்துல கறுப்பின மாணவர்களோட மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களோட இருந்த இடைவெளி பாதியாச்சு. 2023-ல 22 கல்வி நிறுவனங்கள்ல 26,911 மாணவர்களை வெச்சுத் திரும்பச் செஞ்சப்போ இன்னொண்ணும் தெரிஞ்சது. அந்த இடத்துல உண்மையாவே சேர்ந்துக்க வழி இருந்தாத்தான் அந்த வார்த்தை வேலை செய்யுது. வழி இல்லாத இடத்துல வார்த்தை வெறும் வார்த்தை.

மைதானத்துக்கு இதை இப்படி எடுத்துக்கலாம். "எங்களுக்கும் முதல் மாசம் ஒண்ணும் புரியல, ஆஃப்சைடுன்னா என்னன்னே ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும்" என்று ஒரு பழைய அம்மா சொல்றது பெரிய மருந்து. கூடவே அடுத்த போட்டிக்குப் போற வேன்ல புது அம்மாவுக்கு ஒரு இடமும் வேணும், ஒரு வேலையும் வேணும். வேலை முக்கியம். தண்ணிக் கேனைப் பார்த்துக்கச் சொன்னாலே ஒருத்தர் விருந்தாளியா இருந்து வீட்டாளா மாறிடுவார்.

தூரத்துல இருக்கிற பெற்றோரும் உண்டு. நம்ம மாவட்டத்துக் கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போன ஊர். அங்க விளையாட்டு விடுதிக்கு வெளிமாவட்டப் பிள்ளைகள் வந்து தங்கிப் பயிற்சி எடுக்கிறாங்க. 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடின ரெண்டு பேர்ல மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர். பாகிஸ்தானுக்கு எதிரா கோல் போட்ட கார்த்தி செல்வம் அரியலூர்லேர்ந்து வந்து அங்க பயிற்சி எடுத்தவர். அவ்வளவு தூரத்துல பிள்ளையை விட்டுட்டுப் போற பெற்றோருக்கு வேலியே இல்ல, ஒரு போன் நம்பர்தான். உள்ளூர்ப் பெற்றோர்ல ஒருத்தர், "நாங்க பார்த்துக்கறோம், காய்ச்சல்னா நானே போய்ப் பார்ப்பேன்" என்று சொல்றதுதான் அங்க வரவேற்பு.

நேரத்தைப் பற்றி ஒண்ணு. தூத்துக்குடி விசைப்படகுகள் விடியக்காலை 5 மணிக்குக் கிளம்பினா ராத்திரிதான் கரை சேரும். உப்பளத்துக்குப் போற அம்மாக்கள் வெயிலுக்குப் பயந்து இருட்டுலயே கிளம்பிடுவாங்க. காலைப் பயிற்சிக்கும் மாலைப் பயிற்சிக்கும் வராத பெற்றோரை அக்கறை இல்லாதவங்கன்னு நினைக்கிறது நமக்கு எளிது. ஆனா வருஷத்துல ரெண்டு மாசம் இது மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில நிற்கும். அதே சமயத்துலதான் கோடைகாலப் பயிற்சி முகாமும் நடக்கும். வருஷம் பூரா மைதானத்தைப் பார்க்காத அப்பாக்கள் வந்து நிற்பாங்க, கையில வேலை இல்லாம, கொஞ்சம் கூச்சத்தோட. பெற்றோர் கூட்டம், அறிமுகம், பிள்ளைகளோட பெற்றோரும் ஆடுற ஒரு ஜாலி மேட்ச், எதை வைக்கிறதா இருந்தாலும் அந்த 61 நாளுக்குள்ள வெச்சுடணும். ஜூன் 15 விடியக்காலை அவங்க படகு ஏறிடுவாங்க. அதுக்குள்ள அவர் வீட்டம்மா செல்போன்ல இன்னும் ரெண்டு அம்மாக்களோட நம்பர் ஏறியிருக்கணும்.